பூனை விழுந்த தொட்டி

மார்ச் 4

வாத்தியாரம்மாவுக்கு,

போனில் பேசக் கூடாது என்று முடிவெடுத்துத்தான் இதை எழுதுகிறேன். போன் என்றால் நான் பாதி சொல்வதற்குள் நீ வகுப்பெடுக்க ஆரம்பிப்பாய், நான் பட்டென்று வைத்துவிடுவேன், அப்புறம் இரண்டு பேரும் மாதக்கணக்கில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவோம். போன தடவை அப்படித்தானே ஆனது. நான் ஹாஸ்டல் முதலாளிக்கு ஜால்ரா போடுகிறேன் என்று சொன்னாயே, அது இன்னும் காதுக்குள்ளேயே கிடக்கிறது. அதை இப்போது கிளறவில்லை. இப்போது வேறொன்று நாறுகிறது.

நிஜமாகவே நாறுகிறதடி. நாலைந்து நாளாகக் குழாய்த் தண்ணீரில் ஏதோ வாடை என்று பெண்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பழைய குழாய், துரு வாடை என்று நான் சமாளித்தேன். திங்கட்கிழமை பாத்திரம் கழுவும் குழாயின் சல்லடையில் சாம்பல் நிறத்தில் முடி சிக்கியிருந்தது. யாரோ தலை வாரிப் போட்டது என்று முதலில் திட்டிவிட்டுத்தான் உற்றுப் பார்த்தேன். அது தலைமுடி இல்லை.

குழாய்க்காரரைக் கூட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். தொட்டியின் மூடி உடைந்து எவ்வளவோ காலம் ஆகிறது. புது மூடி கேட்டு நான் நச்சரித்ததற்கு முதலாளி ஒரு பிளைவுட் பலகையைப் போட்டு மூடிவைத்தார். பலகை காற்றில் நகர்ந்திருக்கிறது. உள்ளே மேனேஜர் மிதந்துகொண்டிருந்தது.

மேனேஜர் என்றால் பயந்துவிடாதே, பூனை. மூன்றாம் மாடிப் பெண்கள் பால் வைத்து வளர்த்தது. ஒரு வேலையும் செய்யாமல் அறை அறையாக எட்டிப் பார்த்துவிட்டுப் போவதால் அந்தப் பெயர். போன வாரமே படிக்கட்டுச் சுவரில் "மேனேஜரைக் காணவில்லை" என்று படம் வரைந்து ஒட்டியிருந்தார்கள். குழாய்க்காரர் வாளியை விட்டுத் தூக்கினார். முழுசாக வரவில்லை. அதற்கு மேல் எழுத மாட்டேன்.

நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். இந்தத் தண்ணீரில்தான் பல் தேய்த்திருக்கிறேன், காபி போட்டிருக்கிறேன். சாப்பாட்டு அறையில் சுத்திகரிக்கும் மெஷின் ஒன்று இருக்கிறது. அதில் பச்சை விளக்கு மட்டும் ஒழுங்காக எரியும்.

முதலாளியிடம் சொன்னேன். அவர் முகம் சுளிக்கக்கூட இல்லை. "பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவச் சொல்லுங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகலைல்ல? அப்புறம் எதுக்கு நாமளே வாயைக் கொடுத்து மாட்டிக்கணும்?" என்றார். புதன்கிழமை, அதாவது இன்றைக்குக் காலையில்தான், கழுவினார்கள். நான் கூடவே நின்றேன். ஆனால் குழாய்களுக்குள் இருப்பதை யார் கழுவுவது?

சொன்னால் அறுபது பெண்களுக்கும் குமட்டும். குடித்ததைத் திருப்பி எடுக்க முடியாது. பாதிப் பேர் காலி செய்வார்கள், ஹாஸ்டலை மூடுவார்கள், இந்த வாடகைக்கு அவர்களுக்கு வேறு இடம் கிடைக்காது, என் வேலையும் போகும். சொல்லாவிட்டால், படிக்கட்டில் ஏறும்போதெல்லாம் "வார்டன், எங்க மேனேஜரைப் பாத்தீங்களா?" என்று கேட்கிறார்கள். இன்றைக்கு மட்டும் இரண்டு பேரிடம் இல்லை என்று தலையாட்டினேன்.

எது சரி, எது தப்பு என்று பாடம் நடத்தித்தானே சம்பளம் வாங்குகிறாய். சொல்லட்டுமா, வேண்டாமா? ஒரு வரியில் பதில் எழுது.

அக்கா

&nbsp;

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

ஜால்ரா என்று சொன்னது தப்புதான். ஆனால் மூடிக்குப் பதிலாகப் பலகை போட்ட ஆளிடம் நீ இன்னும் கைகட்டி நிற்கிறாய் என்று படிக்கும்போது அந்த வார்த்தை மறுபடியும் நாக்கு நுனிக்கு வருகிறது. விழுங்கிவிட்டேன்.

ஒரு வரியில் பதில் இல்லை அக்கா. இதில் பல வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் வேறு வேறு பக்கம் இழுக்கும்.

முதலில், விளைவை மட்டும் பார்ப்பவர்கள். ஒரு செயலால் மொத்தத்தில் எவ்வளவு நன்மை, எவ்வளவு துன்பம் என்று தராசில் போடுவார்கள். தண்ணீர் இப்போது சுத்தம், யாருக்கும் உடம்புக்கு வரவில்லை என்றால், சொல்வதால் வருவது அருவருப்பும் அலைச்சலும்தான். அறுபது பெண்கள் தங்க இடமில்லாமல் நிற்பதைவிட அவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பது மேல் என்றுதான் தராசு காட்டும்.

அடுத்து, கடமையைப் பிடித்துக்கொள்பவர்கள். என்ன விளைந்தாலும் சரி, அடுத்தவரை நம் வசதிக்குப் பயன்படுத்தக் கூடாது, பொய் சொல்லக் கூடாது என்பார்கள். அந்தப் பெண்களின் உடம்புக்குள் போனதை அறியும் உரிமை அவர்களுடையது. குணத்தைப் பார்ப்பவர்களோ உன்னையே பார்ப்பார்கள்: நேர்மையும் தைரியமும் உள்ள ஒரு வார்டன் இந்த இடத்தில் என்ன செய்வாள்? இன்னும் ஒரு கட்சி இருக்கிறது. நீ வார்டனா, முதலாளியா, மூன்றாம் மாடியில் இருப்பவளா என்றே தெரியாமல் ஒரு விதியை எழுதச் சொன்னால் எதை எழுதுவாய் என்று அவர்கள் கேட்பார்கள்.

எனக்கு எல்லாவற்றிலும் கொஞ்சம் நியாயம் தெரிகிறது. அதனால் அடுத்த வாரத் தேர்வில் இதையே ஒரு கேள்வியாக வைக்கப்போகிறேன். உன் பெயர், இடம் எதுவும் இருக்காது. பிள்ளைகள் என்ன எழுதுகிறார்கள் என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

பி.கு: கழுவியிருந்தாலும் நீ அந்தத் தண்ணீரைக் குடிக்காதே. கடையில் பாட்டில் வாங்கிக்கொள். உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை

&nbsp;

மார்ச் 14

வாத்தியாரம்மாவுக்கு,

சீ என்று இருக்கிறது. யாரைப் பார்த்து என்று கேட்காதே, உன்னையும் சேர்த்துத்தான்.

உன் கடிதம் வந்ததும் நான் ஒரு பைத்தியக்காரத்தனம் செய்தேன். படித்த தங்கை எழுதியிருக்கிறாள், கடமை, உரிமை என்றெல்லாம் பெரிய பெரிய வார்த்தை இருக்கிறது, இதைக் கேட்டாலாவது அந்த ஆளுக்கு உறைக்கும் என்று நினைத்து, முதலாளியின் அறைக்கே எடுத்துப் போய்ப் படித்துக் காட்டினேன். அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தராசு வரும் இடத்தில் கண்ணைத் திறந்தார். "அதை இன்னொரு தடவை படிங்க" என்றார். நானும் மடச்சி மாதிரி படித்தேன். கடமைக்கு வந்தபோது அவருக்குப் போன் வந்துவிட்டது.

அன்றிலிருந்து நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் உன் வாக்கியத்தை எடுத்து என் மேலேயே வீசுகிறார். "காலேஜ்ல பாடம் நடத்துற உங்க தங்கச்சியே எழுதியிருக்காங்களே, தெரியாம இருக்கிறதுதான் மேல்னு." நாலு கட்சியைக் கடைவிரித்தாயே, அவர் தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

இப்போது கேள். யாருக்கும் உடம்புக்கு வரவில்லை என்று எழுதினாய் அல்லவா, வந்துவிட்டது. மூன்றாம் மாடியில் ஒரு பெண், ஆயத்த ஆடைக் கம்பெனியில் தையல்காரி. மேனேஜருக்குப் பால் வைத்தது முக்கியமாக அவள்தான். குழாயடியில் தண்ணீர் பிடித்துச் சொம்பு சொம்பாகக் குடிப்பாள். அவளுக்கு விடாத வாந்தி, லேசான காய்ச்சல், எதுவும் உள்ளே நிற்பதில்லை. நான்தான் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். வெளியே எங்கே சாப்பிடுகிறாய் என்று கேட்டார், எங்கேயும் இல்லை என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஹாஸ்டல் தண்ணி நல்ல தண்ணிதானே?" என்றார்.

நல்ல தண்ணிதான் என்றேன்.

வாயிலிருந்து அது வெளியே வந்த மாதிரியே இல்லை, உள்ளே போன மாதிரி இருந்தது. அன்று முழுக்கச் சாப்பிட முடியவில்லை.

அவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. கல்யாணம் ஆகாதவள் வாந்தி எடுத்தால் நாலு சுவருக்குள் என்ன பேசுவார்கள் என்று உனக்கே தெரியும். டாக்டரம்மா சோதித்து அதெல்லாம் இல்லை என்று சொல்லியும் ஒருத்தியும் நம்புவதாயில்லை. கழிப்பறை வரிசையில் அவள் வந்தால் பேச்சு நிற்கிறது. முதலாளிக்கு இது அல்வா சாப்பிட்ட மாதிரி ஆகிவிட்டது. தண்ணீர்ப் பேச்சே எழாது பார். "ஒழுக்கம் இல்லாத பொண்ணை வெச்சுக்க முடியாது, அவ அப்பாவை வரச் சொல்லியாச்சு" என்கிறார். ஒழுக்கமாம். அந்த வாயில் அந்த வார்த்தையைக் கேட்டதும், அன்றைக்குத் தொட்டியில் பார்த்தது பரவாயில்லை என்று தோன்றியது.

உன் கடிதத்தில் கடைசி இரண்டு வரியில்தான் நீ என் தங்கையாக எழுதியிருந்தாய். நீ அந்தத் தண்ணீரைக் குடிக்காதே என்று. மற்ற அறுபது பேரும் குடிக்கலாமா? அவர்களுக்குத் தராசு, எனக்குப் பாட்டிலா? நீ சொன்னபடி வாங்கித்தான் வைத்திருக்கிறேன். கட்டிலுக்கு அடியில், சேலையைப் போட்டு மூடி.

தேர்வுக் கேள்வியாம். என் வயிற்றெரிச்சலுக்கு எத்தனை மார்க்?

அக்கா

&nbsp;

மார்ச் 19

அக்கா,

சமாதானம் சொல்ல வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே தேர்வு முடிந்துவிட்டது. கேள்வியை இப்படித்தான் அமைத்திருந்தேன்: ஒரு விடுதியின் நீர்த்தொட்டியில் ஒரு மாசு கண்டறியப்பட்டு நீக்கப்படுகிறது, தங்கியிருப்போரிடம் தெரிவிக்க வேண்டுமா, இரண்டு அறக்கோட்பாடுகளைக் கொண்டு விவாதிக்க. பெரும்பாலானவர்கள் தெரிவிக்க வேண்டாம் என்றுதான் எழுதியிருந்தார்கள். அழகாக, பத்தி பிரித்து, அடிக்கோடிட்டு. ஒரு பையன், தெரிவிப்பது வார்டனின் சுயநலம், தன் மனப்பாரத்தை அடுத்தவர் தலையில் இறக்கிவைக்கிறாள் என்று எழுதியிருந்தான். அதற்கு நான் பக்கத்தில் 'நன்று' என்று எழுதினேன். உன்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறான் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும் அன்றைக்குக் காலையில் உன் இரண்டாவது கடிதம் வந்தது. வகுப்புக்குப் போய், அந்த மாசு என்ன என்று சொன்னேன். பூனை. சாம்பல் நிறம். பெயர் மேனேஜர். சல்லடையில் முடி. வாளியில் முழுசாக வரவில்லை. முன் வரிசையில் தண்ணீர் பாட்டிலை வாயில் வைத்திருந்த பெண் அதை மெதுவாக இறக்கி மூடினாள். இப்போது உங்கள் பதிலை மாற்றிக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். எல்லோரும் கையைத் தூக்கினார்கள். 'நன்று' வாங்கிய பையன் கேட்டான்: "மிஸ், இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே? எங்ககிட்ட எதுக்கு மறைச்சீங்க?"

மறைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை, கேள்வி சுத்தமாக இருக்கட்டும் என்றுதான் பூனையை எடுத்துவிட்டு மாசு என்று போட்டேன். உன் முதலாளி பிளீச்சிங் பவுடர் போட்டது மாதிரி. கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவைத்திருந்தேன், அதில் 'மாசு' என்ற சொல்லை என் கையெழுத்தில் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. அழித்துவிட்டு வகுப்பை முடித்துக்கொண்டேன்.

நீ ஒரு வரிதான் கேட்டாய். சொல்லிவிடு அக்கா. மாசு, கோளாறு என்று எதுவும் சொல்லாதே. பூனை என்று சொல். முதலில் டாக்டரம்மாவிடம் சொல். அந்தப் பெண்ணின் அப்பா வருவதற்குள் சொல்.

முதலாளிக்கு ஒரு கடிதம் இதோடு வைத்திருக்கிறேன். நான் எழுதியதை அவர் எப்படித் திரித்தார் என்று விளக்கியிருக்கிறேன். கொடுத்துவிடு.

தங்கை

&nbsp;

மார்ச் 23

குட்டி,

முதலாளிக்கு நீ எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. அதிலும் மூன்றாவது பத்தியில் "மறுபக்கம் பார்த்தால்" என்று ஆரம்பித்திருந்தாய். அந்த ஆளுக்கு மறுபக்கம் போதும், மிச்சத்தைத் தூக்கி எறிந்துவிடுவார். உன் எழுத்து இனிமேல் அந்த அறைக்குள் போக வேண்டாம்.

அப்பாக்காரர் ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம். அந்தப் பெண் பெட்டியைக் கட்டிவிட்டாள். நேற்று அவள் அறைக்குப் போனேன், சொல்லத்தான் போனேன். அவள் சுவரைப் பார்த்துப் படுத்தபடி, "வார்டன், நீங்களாவது நம்புறீங்களா?" என்றாள். நம்புகிறேன் என்றேன். அதற்கு மேல் வரவில்லை. நம்புவதாவது, எனக்குத் தெரியும்! தெரிந்த ஒன்றை நம்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்த என்னை எந்தச் செருப்பால் அடிப்பது?

டாக்டரம்மா ஊரில் இல்லை, அடுத்த திங்கட்கிழமைதான் வருவாராம். இப்படி ஒரு சாக்கு கிடைத்ததில் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். பயமாக இருக்கிறதடி. இந்த வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே போய் நிற்பேன்?

அக்கா

&nbsp;

மார்ச் 26

அக்கா,

என்னிடம் வந்து நில். மாடி அறை காலியாகத்தான் கிடக்கிறது, புத்தகங்களைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுகிறேன். இதற்கு மறுபக்கம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் இது உன் கைக்கு வர வேண்டும் என்று நானே தபால் நிலையத்துக்கு எடுத்துப் போகிறேன்.

தங்கை

&nbsp;

மார்ச் 31

குட்டி,

உன் கடிதம் சனிக்கிழமையே வந்தது. இடுப்பில் செருகிக்கொண்டுதான் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு அறைக்குப் போனேன்.

காலைச் சாப்பாட்டு நேரம், எல்லோரும் இருந்தார்கள். அப்பாக்காரர் வாசல் பக்கத்தில் நின்றார், ஒடிசலான மனிதர், மகளின் பையைப் பிடித்துக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல். மகள் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். முதலாளி எல்லோர் முன்னாலும் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஒரு பெண்ணுக்காக மற்றப் பெண்களின் பெயர் கெடக் கூடாதாம், மொத்த நன்மையைப் பார்க்க வேண்டுமாம். உன் வார்த்தைதான். அந்த ஆளின் வாய்க்குள் போய் வந்ததில் எச்சில் பட்டுக் கிடந்தது.

நான் எதுவும் தயார் செய்துகொண்டு போகவில்லை. "தண்ணித் தொட்டியில உங்க மேனேஜர் செத்துக் கிடந்துச்சு" என்றேன். "நாமெல்லாம் அதைத்தான் குடிச்சோம். இவளுக்கு வாந்தி வர்றது அதனாலதான் இருக்கணும். நானும் எடுத்தேன். எனக்கு மாசத் தொடக்கத்துலேயே தெரியும்."

ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள், ஓடிய பிறகுதான் அதுவும் அதே தண்ணீர் என்று புரிந்து நடுவிலேயே நின்றுவிட்டாள். தையல்காரி என்னைப் பார்க்கவே இல்லை. "அப்பா, கேட்டீங்களா?" என்றாள். அவர் பையைக் கீழே வைத்தார். வைத்துவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

முதலாளி சமாளித்தார். அதெல்லாம் பழைய கதை, தொட்டி கழுவியாகிவிட்டது, இப்போது தண்ணீர் பன்னீர் மாதிரி இருக்கிறது என்றார். வங்கியில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள், அதிகம் பேச மாட்டாள். எழுந்து போய்க் குழாயில் ஒரு தம்ளர் பிடித்து வந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார். இப்போதுதான் காபி குடித்தேன் என்றார். யாரோ சிரித்தார்கள், எனக்கும் சிரிப்பு வந்தது.

வங்கிக்காரி தம்ளரை எடுத்து என் முன்னால் வைத்தாள். "நீங்க குடிங்க வார்டன். கழுவும்போது நீங்கதானே கூட நின்னீங்க."

தண்ணீர் தெளிவாக இருந்தது. வாடை இல்லை. கழுவினது எனக்குத் தெரியும். கையில் எடுத்தேன், உதடு வரைக்கும் கொண்டு போனேன். முடியவில்லை குட்டி. திரும்ப மேஜையில் வைத்தபோது அவர்கள் எல்லோரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று வாரத்துக்கு மேலாக நான் குடிக்காததை அவர்களைக் குடிக்க விட்டேன் என்று யாரும் விளக்கிச் சொல்லத் தேவைப்படவில்லை. முதலாளியையும் என்னையும் அவர்கள் ஒரே மாதிரிதான் பார்த்தார்கள். ஒரு பெண், கட்டிலுக்கடியில் இருக்கும் பாட்டில்களைப் பார்த்திருப்பாள் போல, தட்டை எடுத்துக்கொண்டு என்னைத் தொடாமல் ஒதுங்கிப் போனாள்.

நேற்று அப்பாவையும் மகளையும் டாக்டரம்மாவிடம் நானே கூட்டிப் போனேன். பூனை என்று சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அன்னிக்கே கேட்டேனே" என்றார். அவ்வளவுதான். ரத்தம் எடுத்தார்கள், மருந்தை மாற்றினார்கள். இன்றைக்குக் கொஞ்சம் கஞ்சி உள்ளே நின்றிருக்கிறது. அவள் இன்னும் என்னோடு பேசவில்லை. பேச வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

எனக்கு வேலை போய்விட்டது. வாரக் கடைசிக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறார். பெண்கள் யாரும் காலி செய்யவில்லை, வாடகை தர மாட்டோம் என்று உட்கார்ந்திருக்கிறார்கள். நகராட்சிக்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள். குழாயை யாரும் திறப்பதில்லை. அந்தத் தம்ளர் இன்னும் மேஜை மேலேயே இருக்கிறது, ஒருத்தியும் எடுத்துக் கொட்ட மாட்டேன் என்கிறாள். என்னிடம் மீந்திருந்த பாட்டில்களைக் கொண்டுபோய் மூன்றாம் மாடிப் படிக்கட்டில் வைத்தேன். காலையில் பார்த்தால் அப்படியே இருந்தன.

மாடி அறையைத் தயார் செய். ஆனால் நான் கிளம்புவதற்கு முன்னால் நீ ஒரு தடவை இங்கே வா. இதைக் கேள்வித்தாளில் போடாதே, வந்து பார். அவர்களுக்கு என் கையால் கொடுத்தால் வாங்க மாட்டார்கள், உன் கையால் கொடுத்தால் வாங்குவார்களோ என்னவோ. வரும்போது வண்டி பிடித்து, குடிக்கத் தண்ணீர் கொண்டு வா. எனக்கு வேண்டாம், அறுபது பேருக்கு.

அக்கா